யாழ்ப்பாணம் பார்க்க வருபவர்கள் எங்கே தொடங்குவது?

யாழ்ப்பாணத்துக்கு முதல் தடவை வருபவர்கள் விடுகிற பிழை பெரும்பாலும் ஒன்றுதான். வான் பிடித்து, பதினைந்து இடங்களின் பெயரை எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். நல்லூர்க் கோயிலை வெளிவீதியில் நின்று கும்பிட்டு, கோட்டையில் இருபது நிமிடம் படம் எடுத்து, கீரிமலையில் கால் நனைத்து, கசூரினாக் கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். கந்தரோடையைக் கேட்டால் "அது சும்மா கொஞ்சக் கல்லுத்தானே" என்பார்கள்.

கல்லுத்தான். ஆனால் கோட்டை மதிலும், கந்தரோடைத் தூபிகளும், நெடுந்தீவு வேலிகளும் முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்லால்) ஆனவை. கீரிமலை ஊற்றும் நிலாவரைக் கிணறும் நிலத்துக்குக் கீழே கிடக்கும் சுண்ணாம்புக்கல்லின் வேலை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, பார்க்கும் ஒழுங்கைச் சரியாக அமைத்தால் குடாநாட்டின் பாதி தானாகவே விளங்கிவிடும். விளக்கப் பலகைகள் இங்கே குறைவு என்பதால் ஒழுங்குதான் வழிகாட்டி.

விதி இரண்டே இரண்டு. அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். பிறகு நாளுக்கு ஒரு திசை மட்டும் போங்கள்.

எப்போது வருவது

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிராது, வலசைப் பறவைகள் இருக்கும், நெடுந்தீவில் புல் பச்சையாக இருக்கும். பனங்கிழங்கும் அந்தக் காலத்தில்தான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழைக்காலம். உள்ளூர் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும், வாடைக்காற்றில் கடலும் கொந்தளிக்கும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும். அப்போது படகுப் பயணத்தில் நனையாமல் போக முடியாது. ஆனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் நுங்கும் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில்தான் வரவேண்டும், நல்ல காலநிலையையும் இவற்றையும் ஒன்றாக அடைய முடியாது.

நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆவணி அமாவாசையுடன் தீர்த்தம் நடந்து முடியும். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும், தங்குமிடமும் கிடையாது. திருவிழாவுக்காகவே வருபவர்கள் வேறு இடங்களைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவது நல்லது. வேறு இடங்களுக்காக வருபவர்கள் அந்த 25 நாளைத் தவிர்ப்பது நல்லது.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, இலகுவாகக் கழற்றக்கூடிய செருப்பு, அடையாள அட்டை (வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதையே), சில்லறைத் தாள்கள். சப்பாத்துப் போட்டு வருபவர்கள் ஒவ்வொரு கோயில் வாசலிலும் நாடா அவிழ்த்தே களைத்துவிடுவார்கள். ஆண்கள் ஒரு வேட்டி வைத்திருந்தால் கோயில்களில் சங்கடம் இல்லை. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும்.

முதல் நாள்: நகரும் நல்லூரும்

தொல்பொருள் அருங்காட்சியகம் நாவலர் வீதியில், நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்புறம் இருக்கிறது. வீதியில் நின்று பார்த்தால் மண்டபம்தான் தெரியும், அருங்காட்சியகம் தெரியாது. ஓட்டோக்காரரிடம் "மியூசியம்" என்பதைவிட "நாவலர் மண்டபம்" என்று சொல்வது சுலபம். செவ்வாய்க்கிழமை பூட்டு. செவ்வாயில் வந்து இறங்குபவர்கள் முதல் நாளையும் இரண்டாம் நாளையும் மாற்றிக்கொள்ளலாம்.

இடம் சின்னது, முக்கால் மணித்தியாலம் போதும். பளபளப்பான காட்சிக்கூடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வாசலில் கோட்டையிலிருந்து வந்த பீரங்கிகளும் திமிங்கில எலும்பும் கிடக்கும். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள், நிற்கட்டும். உள்ளே மூன்று பொருள்களுக்கு நேரம் கொடுங்கள். முதலாவது, கந்தரோடையில் எடுத்த சிற்பங்களும் மட்பாண்டங்களும். நாளை அந்த வெளியில் நிற்கும்போது இவைதான் கண்முன் வரவேண்டும். இரண்டாவது, கோட்டையில் இருந்த விக்டோரியா மகாராணியின் ஓவியம். மூன்றாவது, பழைய வீட்டுப் பாவனைப் பொருள்களும் மரவேலைகளும். பெயர்ச்சீட்டு இல்லாத பொருளைக் கண்டால் அங்குள்ள பணியாளரிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காதவரிடம் வலிய வந்து சொல்லமாட்டார்கள்.

அங்கிருந்து நல்லூர்ப் பக்கம் திரும்பினால் பழைய வளவுகள். முத்திரைச் சந்தியில் சங்கிலி மன்னனின் சிலை, பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு வளைவு, அதற்கு அருகே மந்திரிமனை, சற்று உள்ளே யமுனா ஏரி. எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரம். 1619 இல் போர்த்துக்கேயர் இரண்டாம் சங்கிலியைப் பிடித்ததோடு, நல்லூரைத் தலைநகராகக் கொண்ட யாழ்ப்பாண அரசு முடிந்தது. அரண்மனை மிஞ்சவில்லை, இடப்பெயர்கள்தான் மிஞ்சின. இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "ராசாவின் வீடு எங்கே?" என்ற கேள்வி நாள் முழுக்க வரும்.

மந்திரிமனை குறித்து ஒரு திருத்தம். பெயரைப் பார்த்து அது அரசர் காலக் கட்டிடம் என்று பலர் எழுதுகிறார்கள். இப்போது நிற்பது பிற்காலக் கட்டுமானம். ஐரோப்பியப் பாணியும் திராவிடப் பாணியும் கலந்தது. வளைவுகளையும் மரச் செதுக்கலையும் வெளியிலிருந்து நிதானமாகப் பாருங்கள். கட்டிடம் மிகவும் பழுதடைந்திருக்கிறது; மழைக்குப் பிறகு சுவரோரம் நிற்பதும் உள்ளே ஏறிப் படம் எடுப்பதும் ஆபத்து. யமுனா ஏரி 'ப' வடிவக் கேணி. வட இந்திய யமுனையிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து ஊற்றியதால் அந்தப் பெயர் என்பது ஊர் வழக்கு. மழைக்காலம் கழிந்த கையோடு போனால்தான் அதன் வடிவம் தண்ணீரில் தெளிவாகத் தெரியும். படிகளில் பாசி இருக்கும், கவனம்.

நேரம் இருந்தால் கண்டி வீதியில் பழைய பூங்காவையும் பழைய கச்சேரிக் (அரசாங்க அலுவலகக்) கட்டிடத்தின் எச்சத்தையும் பார்க்கலாம். 1829 இலிருந்து 1867 இல் இறக்கும்வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் வளவு அது. மத்தியானத்தில் ஒதுங்குவதற்கு அங்குள்ள மர நிழலைப்போல இடம் நகரில் குறைவு.

நல்லூர்ப் பக்கத்து உள் ஒழுங்கைகளில் நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடுகளும், கூரை வேய்ந்த வாசற்படலைகளான சங்கடப்படலைகளும் இன்னும் அங்கங்கே உண்டு. அவை காட்சிப்பொருள் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுத்து, எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்ற விசாரணைக்குப் பதில் சொன்னால் பெரும்பாலும் முற்றம் வரை கூப்பிட்டுத் தேத்தண்ணியும் தருவார்கள். கேளாமல் மதிலுக்கு மேலால் கமராவை நீட்டினால் முதலில் வருவது நாய்.

மத்தியானம் 12 மணிக்கும் ஒன்றரைக்கும் இடையில் சாப்பிட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கடைகளில் அதற்குப் பிறகு கறிகள் ஒவ்வொன்றாக முடிந்துபோகும். மூன்றரை வரை ஓய்வு. பன்னிரண்டு மணி வெயிலில் கோட்டைக்குப் போவது வீண். நிழல் கிடையாது, கல்லும் கொதிக்கும்.

கோட்டைக்கு மாலை 4 மணி சரி. போர்த்துக்கேயர் கட்டியதை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோண வடிவில் திருப்பிக் கட்டினார்கள். வெளிச்சுற்று அரண்கள் 1792 இல் முடிந்தன. முடிந்து மூன்றாவது வருடம், 1795 இல், ஆங்கிலேயர் கையில் போய்விட்டது. அவ்வளவு வேலையும் அந்த மூன்று வருடத்துக்குத்தான். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து மாகாணங்களின் பெயர்கள்: சீலண்ட், ஹொலண்ட், கெல்டர்லண்ட், உட்ரெக்ட், பிரீஸ்லண்ட்.

உள்ளே போனதும் மதிலுக்கு மேலே ஓடாதீர்கள். முதலில் நுழைவாயிற் சுரங்கத்தின் சுவரைக் கிட்ட நின்று பாருங்கள். மூளை மடிப்புப்போலவும் தேன்கூடுபோலவும் கோலங்கள் தெரியும். அவை உயிரோடிருந்த முருகைப் பாறைகள். பிறகு உள்வெளி. 1706 இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் நின்ற இடத்தில் இப்போது இடிபாடு; போர்க்காலத்தில் அழிந்தது. கடைசியாக மதில்மேல் ஏறி இடஞ்சுழியாக ஒரு சுற்று வந்தால் பொழுதுபடும் நேரத்துக்குப் பண்ணைக் கடல் பக்கம் வந்து சேரலாம். மதிலின் உள்விளிம்பில் பல இடங்களில் தடுப்பு இல்லை. செல்பி எடுப்பவர்கள் பின்னுக்கு நடக்கவே கூடாது.

கோட்டையிலிருந்து நடை தூரத்தில் பொது நூலகம். 1981 இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, தொலைபேசியை ஒலியில்லாமல் ஆக்குங்கள். அங்கே பிள்ளைகள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் நாள்: வலிகாமம்

வலிகாமம் குடாநாட்டின் மேற்குப் பகுதி. காலை ஆறரைக்குப் புறப்பட்டால் கந்தரோடை, கீரிமலை, நிலாவரை மூன்றும் மத்தியானத்துக்குள் முடியும். ஓட்டோவை அரைநாளுக்குப் பேசி எடுங்கள். ஏறமுன் எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிப் பேசவேண்டும். "கீரிமலைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு ஏறிவிட்டு, வழியில் கந்தரோடை, நிலாவரை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால்தான் தகராறு வரும். இளைஞர்கள் சைக்கிளிலும் போகலாம். குடாநாடு தட்டை, ஏற்றம் என்பதே இல்லை. எதிர்க்காற்று மட்டும் உண்டு.

கந்தரோடை சுன்னாகத்துக்கு மேற்கே. ஒழுங்கைக்குள் பனை வடலிக்கும் தோட்டங்களுக்கும் நடுவே வேலியிட்ட ஒரு வெளி, அதில் முருகைக்கல்லால் கட்டிய சிறு தூபிகள். பெரியதும் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டும், சிறியவை இடுப்பளவு. பௌத்தச் சின்னங்கள் என்பதால் அநுராதபுரத்துப் பெரிய தாதுகோபங்களை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். தமிழர் பௌத்தம், பெருங்கற்காலக் குடியிருப்பு, பழைய தலைநகரான கதிரமலை என்று இந்த ஒரு வெளியைப் பற்றி வாதங்கள் பல. 1917 அளவில் போல் பீரிஸ் இங்கே அகழ்ந்தார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு அகழ்ந்தது. நேற்று நாவலர் வீதியில் பார்த்த பொருள்களை இப்போது இந்த மண்ணில் வைத்துப் பாருங்கள். குடாநாட்டின் ஒரே ஆறு என்று சொல்லப்படும் வழுக்கையாறும் இந்தப் பக்கத்தால்தான் மாரியில் ஓடுகிறது. அந்தத் தண்ணீரையும் நல்ல மண்ணையும் பார்த்தால், பழையவர்கள் ஏன் இங்கே குடியிருந்தார்கள் என்பது விளங்கும்.

தூபிகளில் சாயாதீர்கள். ஏறுவது சட்டப்படி குற்றம். ஒரு துண்டுக் கல்லையோ மட்பாண்ட ஓட்டையோ 'ஞாபகத்துக்கு' எடுப்பதும் அப்படியே.

கீரிமலை அடுத்தது. கடலுக்குச் சில அடி தூரத்தில் நன்னீர் கேணிக்குள் பொங்கி வருகிறது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, நிலத்துக்கடியால் ஓடி, கரையில் வெளியே வருவதுதான் இந்த ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. மாற்றுடுப்பு, துவாய் கொண்டுபோங்கள். சவர்க்காரம், ஷாம்பூ போடவேண்டாம். கேணிப் படிகள் வழுக்கும். நீந்தத் தெரியாதவர்கள் படியை விட்டு இறங்கக்கூடாது. காலை 8 மணிக்கு முன் போனால் தண்ணீர் தெளிவு, கூட்டமும் இல்லை. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வருபவர்களுக்கே இடம் போதாது, சுற்றிப் பார்க்க அந்த நாள் வேண்டாம். பக்கத்தில் நகுலேஸ்வரம், குளித்த ஈர உடுப்போடு கோயிலுக்குள் போகாதீர்கள்.

திரும்பும்போது கிழக்கால் வந்தால் புத்தூருக்கு அருகே நவக்கிரியில் நிலாவரைக் கிணறு. எட்டிப் பார்த்துவிட்டு "பச்சைத் தண்ணீர்" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் திரும்புவதுதான் வழக்கம். கொஞ்சம் நின்று யோசித்தால் குடாநாட்டின் தலையெழுத்து முழுவதும் இந்தக் கிணற்றில்தான் இருக்கிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் நிலத்தடிக் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. தலைகீழாகப் பார்த்தால், மேலே ஒரு மீற்றர் இறைத்துக் குறைத்தால் கீழே 40 மீற்றர் உவர் ஏறும். துலாவால் கையால் இறைத்த காலத்தில் கிணறுகள் ஏன் உவராகவில்லை, மோட்டர் வந்தபின் கரையோரக் கிணறுகள் ஏன் உவராகின்றன என்பதற்கு விடை அந்தக் கணக்குத்தான். கிணற்றுக்குள் இறங்கவோ கல் எறியவோ வேண்டாம்.

மூன்றாம் நாள்: நெடுந்தீவு

இது முழுநாள் வேலை. படகு தவறினால் நாளே தவறிவிடும், அதனால் ஒழுங்காகச் செய்யுங்கள்.

யாழ். பஸ் நிலையத்திலிருந்து 776 இலக்கப் பஸ் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகும். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாக ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். நெடுந்தீவுப் படகு நாளுக்குச் சில தடவைதான். ஆகவே முதல் நாளே நேரத்தை விசாரித்து, காலைப் படகுக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகத் துறையில் நில்லுங்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதிவு செய்வார்கள். துறையில் இரண்டு வரிசை இருக்கும். நயினாதீவு வரிசை நீளமானது, நெடுந்தீவு வரிசை சின்னது. கேட்காமல் நீள வரிசையில் நின்றுவிட்டு நயினாதீவில் போய் இறங்குகிறவர்கள் உண்டு. போயா (பௌர்ணமி) நாளிலும் வார இறுதியிலும் நயினாதீவு நாகவிகாரைக்கு வரும் தெற்குப் பயணிகளால் துறை நிரம்பி வழியும். செவ்வாய், புதன் நல்ல நாட்கள்.

கடல் ஒரு மணித்தியாலம். தலைசுற்று உள்ளவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல், படகின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் இருங்கள். தீவு மக்கள் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், நோயாளி எல்லாவற்றோடும் அதே படகில்தான் போகிறார்கள். இருக்கையை அவர்களுக்கு விடுங்கள்.

மாவிலித்துறையில் இறங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்பது. இரண்டாவது, வாகனம் பேசுவது. தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், நடந்து முடியாது. மூன்றாவது, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்பது. சொல்லாமல் போனால் பிஸ்கட்தான்.

பார்க்கும் ஒழுங்கு உங்கள் சாரதிக்குத் தெரியும். கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம், குவிந்தா கோபுரம், குதிரை வெளி. வீதியெங்கும் தோட்ட வேலிகளைக் கவனியுங்கள்: சாந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கியே எழுப்பியவை. அதில் ஏறி இருந்தால் சரிந்துவிடும், திருப்பி அடுக்குவது வீட்டுக்காரருக்கு அரைநாள் வேலை. பெருக்கமரம் ஆபிரிக்க இனம், அடியில் ஆள் நுழையும் பொந்து உண்டு. உள்ளே பெயர் செதுக்குபவர்களைப் பற்றி இங்கே எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

குதிரைகள் போர்த்துக்கேய, ஒல்லாந்தக் காலத்தில் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை. மட்டக்குதிரைகள், இப்போது காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. அவற்றின் வெளியை உள்ளடக்கிய பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஐம்பது அடிக்குக் கிட்டப் போகாதீர்கள், பாண், பிஸ்கட் கொடுக்காதீர்கள். கோடையில் அவை தண்ணீருக்கே தவிக்கும். அந்த நேரத்தில் வாகனத்தால் துரத்திப் படம் எடுப்பது கொடுமை.

பறவைகளும் மணலும்

பூநாரை பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை. தை, மாசியில் பண்ணைப் பாலத்தாலும் மண்டைதீவுப் பக்கத்தாலும் காலை ஆறரைக்குப் போனால் களப்பில் அவை நிற்க வாய்ப்புண்டு. கிழக்கே எழும் வெயில் முதுகில் படும்படி நின்று பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு. 8×42 தொலைநோக்கி போதும். பூநாரை தலைகீழாகச் சேற்றை வடித்துத் தின்னும். முழங்காலளவு தண்ணீர்தான் அதற்குத் தோது. மழை கூடிக் களப்பு நிரம்பிய கிழமையில் போய் ஒன்றும் காணாமல் திரும்புவதற்குக் காரணம் அதுதான். தண்ணீர் வற்றத் தொடங்கும்வரை பொறுங்கள். வீதியில் வாகனத்தை நிறுத்தும்போது ஓரம் கட்டுங்கள். பாலம் ஒடுக்கம், மீன் லொறிகள் வேகம்.

சுண்டிக்குளம் பெரிய இடம். 1938 இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015 இலிருந்து தேசியப் பூங்கா. மருதங்கேணி வழியாகப் போவதானால் சொந்த வாகனமும், நிரப்பிய எண்ணெய்த் தாங்கியும், சாப்பாடும் தண்ணீரும் வேண்டும். வழியில் கடைகளை நம்பமுடியாது. முகமாலைப் பக்கமும் ஆனையிறவுப் பக்கமும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வீதியை விட்டு ஓர் அடி கூட இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை நடந்த, நடக்கும் நிலம் அது. படையினரின் முகாம்களைப் படம் எடுக்கவேண்டாம். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை; அனுமதி இல்லாமல் தூக்கினால் பொலிஸ் நிலையத்தில்தான் மிச்ச நாள் போகும்.

மணற்காட்டுக்கு மாலையில் போங்கள். 750 பஸ்ஸில் பருத்தித்துறை, அங்கிருந்து ஓட்டோ. வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில். 1936 இல் வல்லிபுரத்தில் கண்டெடுத்த பொன்னேட்டை (எழுத்துப் பொறித்த பொன் தகட்டை) கோயிலில் தேடாதீர்கள், அது அங்கே இல்லை. மணற்குன்றுகளில் மதியம் வெறுங்காலோடு நடந்தால் கால் வெந்துவிடும். நாலரைக்குப் பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். பாதி மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் அங்கே நிற்கின்றன. அதுவும் முருகைக்கல்தான். கமராவைப் பைக்குள் வையுங்கள், மணல் வில்லைக்குள் போனால் துடைத்து எடுக்க முடியாது. கொண்டுவந்த ஓட்டோவைத் திருப்பி அனுப்பாமல் நிற்பாட்டி வையுங்கள். இருட்டியபின் அந்தப் பக்கத்தில் வேறு வாகனம் பிடிப்பது கஷ்டம்.